மெஷினை உள்ளே எடுத்த நாள்

அக்கா, மழை ஆரம்பித்துவிட்டது. கோடை முழுக்கத் திண்ணையில் கிடந்த தையல் மெஷினைக் காலையில் உள்ளே எடுத்துப் போட்டு எண்ணெய் விட்டேன். அந்த வாசனை விரலில் ஏறியதுமே நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கூடவே பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

எண்ணூரில் நம் இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒன்றுதான். சித்திரை, வைகாசி முழுக்க நாம் அங்கேதான் கிடப்போம். முருங்கையைக் கழிப்போம், சருகு கூட்டுவோம், மல்லிக்குப் பாத்தி கட்டுவோம். கீரை பறித்தால் மூன்று தண்ணீர் அலச வேண்டும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் அவ்வளவு படிந்திருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தாலும் உனக்கு வெளியில்தான் நிம்மதி. "வெளிய இருந்தா மூக்கு வேலை செய்யும்டி. உள்ள பூந்துக்கினா எவன் கண்டான்?" என்பாய்.

உரக் கம்பெனிப் பக்கமிருந்து வாயு கசிந்தால் காற்றோடு வரும் அந்தக் காரமான நெடியைத்தான் சொல்வாய். ஒருமுறை அது வந்து, தெருவே கண் எரிந்து இருமிக்கொண்டு ஓடியது. நாமும்தான் ஓடினோம். அதற்குப் பிறகு மழைக்காலம் என்றாலே உனக்குப் பயம். சாரலுக்குக் கதவு, சன்னல் எல்லாம் சாத்த வேண்டும். நைட்டி, தலையணை உறை என்று தைக்க உட்கார்ந்தால், மெஷின் சத்தத்தில் தெருவில் யார் கத்தினாலும் கேட்காது.

அதற்கு நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். பாபினில் நூல் தீர்ந்து மாற்றும்போதெல்லாம் நடுச்சுவரில் தட்டுவாய்.

"இன்னாடி, கீறியா?"

"கீறேன், கீறேன். செத்தா சொல்லி அனுப்பறேன்."

"வாயக் கழுவுடி" என்று திட்டிவிட்டு மறுபடி பெடலை மிதிப்பாய். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதவர் தெருவில் கிடையாது. முதலில் சொன்னவளே நான்தான். என் பங்குக்கும் சேர்த்து நீ பயந்துகொண்டிருந்தாய், அதனால் நான் தைரியமாக இருந்தேன். நீ போன பிறகுதான் அது புரிந்தது.

பங்குனியில் நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறியவள் திரும்பி வரவில்லை. மாமா வீட்டைப் பூட்டிவிட்டு மாதவரத்தில் மகனோடு போய் இருந்துகொண்டார். இந்தக் கோடையில் பின்பக்கத்தை நான் ஒருத்தியாகவே கூட்டினேன். அதைக்கூடச் செய்துவிட முடிந்தது. உள்ளே உட்கார்ந்து தைப்பதுதான் முடியவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துகிறேன், காது கொடுத்துக் கேட்கிறேன், மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறேன். ஒரு தலையணை உறை இன்னும் முடிந்தபாடில்லை.

இன்று மத்தியானம் சுருக்கென்று மூக்கில் நெடி ஏறியது. மகள் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஓடினேன். ஓடியது மட்டும்தான் தெரியும், எங்கே என்று தெரியாது. கை வலித்தபோதுதான் பார்த்தேன், உன் வீட்டுக் கதவை இடித்துக்கொண்டு நிற்கிறேன். "யக்கா, வெளிய வா யக்கா, வந்துட்ச்சு!" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். பெற்ற பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வந்து, பூட்டிய வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள்தான் பின்னால் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். ஈரத் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தாள். "ம்மா, அந்த வூட்ல யாரும் இல்லம்மா. வா, ஓடலாம்."

எதிர்வீட்டில் பாத்ரூம் கழுவ ஆசிட் ஊற்றினார்களாம். அவ்வளவுதான். தெருவே சிரித்தது, மகளும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை அந்தப் பழைய நெடியே வந்தாலும், என் கால் முதலில் உன் வாசலுக்குத்தான் போகும், அக்கா.