கூரை வரை போகாத சுவர்

அக்கா,

காலையிலிருந்து வீடெல்லாம் ஈரச் சுண்ணாம்பு நெடி. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவரைக் கூரை வரை ஏற்றக் கொத்தனார் வந்திருக்கிறார். உங்கள் வீட்டுக்குக் குடி வந்த புதுப்பெண் கேட்டாளாம், சொந்தக்காரரும் சரி என்றுவிட்டாராம். அவள் கேட்டதில் தப்பில்லை. புதுசாகக் கல்யாணமானவள், புருஷனோடு பேசுவது பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? எனக்குத்தான் எதையும் எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. சாந்துச் சட்டி போகிற வழியில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்கு வந்த புதிதில் இந்த வீட்டு வரிசையைப் பார்த்து நாம் இருவரும் சிரித்தோம். தெருவில் நின்று பார்த்தால் நீளமாக ஒரே வீடு, அதற்கு ஐந்து கதவு. உள்ளே வந்தால்தான் கட்டியவரின் சாமர்த்தியம் தெரியும். ஒரே ஓட்டுக் கூரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும். நடுச்சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் ஏறி, அதோடு நின்றுவிடும். புகை போவதற்காக என்று காண்டிராக்டர் சொன்னார். "பொகைக்கு இல்லடி, கல்லு மிச்சம் புடிக்க" என்றீர்கள் நீங்கள்.

ஒரு வீட்டில் கருவாடு வெந்தால் ஐந்து வீட்டுக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஒரு வீட்டில் சண்டை என்றால் ஐந்து வீடும் பஞ்சாயத்து. உங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகை வந்து என் வீட்டுச் சிலுவையைச் சுற்றும். நான் ஜெபம் முடித்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "ஆமென்" என்று உங்கள் குரல் வரும். எனக்கு அப்போது கோபம். இப்போது அந்த ஆமென் இல்லாமல் ஜெபம் முடிந்த மாதிரியே இல்லை.

ஷிப்ட் விட்டு ஆம்பிளைகள் வரும் நேரத்தில்தான் சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருக்கும் அந்தச் சந்துக்கு உயிர் வரும். எந்த வீட்டு ஆள் உள்ளே நுழைந்தாலும் அந்த வீட்டுக்காரி அண்ணாந்து "வந்தாச்சு" என்பாள். அடுத்தவள் அதை அடுத்த வீட்டுக்குச் சொல்வாள். ஐந்து வீட்டுக்கும் வந்தாச்சு என்று கேட்கிற வரை எந்த வீட்டிலும் சட்டி திறக்கக் கூடாது. யார் வைத்த சட்டமோ, பசியோடு வந்தவர்கள்கூட வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அன்றைக்கு மூன்று வீட்டுக்கு வந்தாச்சு. பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். முகமெல்லாம் கல்தூசு. உங்கள் வீட்டுக்கார அண்ணனும் இவரும் சுரங்கத்துக்குள் ஒரே ஆழத்தில், ஒரே லெவலில் வேலை. சுவரோரம் உட்கார்ந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணன் கல்லுக்கடியில் போய்விட்டார் என்று கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. வந்தாச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. இவர் இருமினார். அந்த இருமல் உங்களுக்குக் கேட்டிருக்கும். இருமல் கேட்டது, வந்தாச்சு கேட்கவில்லை. அதிலேயே நீங்கள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டீர்கள்.

பிறகு சுவருக்கு மேலே உங்கள் குரல் வந்தது.

"களி ஆறுதுடி. அவருக்குப் போடு."

போட்டேன். நீங்கள் சொன்னதால் அவரும் சாப்பிட்டார், அழுதுகொண்டே சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் உங்கள் அழுகை கேட்டது.

காத்திருக்க ஆள் இல்லாமல் போன பிறகும், எங்கள் வந்தாச்சு கேட்காமல் நீங்கள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. போன மழையில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோகிற வரைக்கும் அப்படித்தான். இவர் இன்னமும் சுரங்கத்துச் சாப்டுக் குழிக்குள் இறங்குகிறார். அலுத்துப்போய்விட்டது அக்கா, அவருக்கு இறங்கி இறங்கி, எனக்குக் காது கொடுத்துக் கொடுத்து.

புதுப்பெண்ணும் வந்த வாரத்திலேயே வந்தாச்சு சொல்லப் பழகிவிட்டாள். அவள் புருஷனுக்கும் இவருக்கும் ஒரே ஷிப்ட். சுவர் ஏறிவிட்டால் கதவுக்கு வந்து சொல்கிறேன் என்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் சில நாளில் கதவு வரை நடக்கக் கால் வராது என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

இப்போதுதான் கொத்தனார் கேட்டார்.

"இன்னாம்மா, மேல முழுக்க மூடிடலாமா?"

"மூடுங்க. அடுப்புக்கு நேரா ஒரு கல்லு மட்டும் வெக்காதீங்க."

"எதுக்குக்கா, பொகைக்கா?" என்றாள் அவள், அந்தப் பக்கமிருந்து.

"ஆமா" என்றேன்.

என்றைக்காவது என் வீட்டிலிருந்து வந்தாச்சு வராமல் போனால், இந்தப் பெண் சட்டியைத் திறக்காமல் எனக்காக உட்கார்ந்திருப்பாள். களி ஆறுது, அவருக்குப் போடு என்று அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும். உங்களைப் போலச் சொல்ல எனக்கு வருமோ வராதோ, தெரியாது அக்கா. சொல்ல ஒரு கல் அளவு வழி விடச் சொல்லியிருக்கிறேன்.