கலைக்காமல் வைத்திருந்த ஆட்டம்

ஞாயிறு, நாகலூர்.

மதியம் ஊருக்கு வந்து சேர்ந்தேன். உலகப் பெண்கள் அணிப் போட்டியில் என் கடைசி செஸ் ஆட்டம் டிரா. நான் ஜெயித்திருந்தால் அணியும் ஜெயித்திருக்கும். இரண்டுக்கு இரண்டு என்று முடிந்துவிட்டது. எதிரே இருந்தவள்தான் டிரா கேட்டாள். கேப்டனிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். கை கொடுத்துவிட்டேன்.

அம்மாவின் டீக்கடை மேசையில் அந்த ஆட்டம் முடிந்த நிலையிலேயே பலகை இருந்தது. போனைப் பார்த்துப் பார்த்துக் காய்களை அடுக்கியிருக்கிறாள். நான்கு நாளாக அந்த மேசையில் யாரையும் உட்கார விடவில்லையாம்.

"ஏங்கண்ணு, குதிரைய இங்க வெச்சிருந்தா அந்த ராசா எங்க போவான்? நானும் நொம்ப நேரம் பாத்தேன். தப்பா இருந்தாச் சொல்லு."

குனிந்து யோசிப்பதுபோல் நின்றேன். தப்பே இல்லை.

"சரிதாம்மா. எனக்கு அது தோணல."

"அந்தப் படபடப்புல எப்படித் தோணும்? உடு சாமி" என்று காய்களைப் பெட்டியில் போட்டு மேசையைத் துடைத்தாள்.

தோன்றியது. கடிகாரத்தில் நேரமும் இருந்தது. வைக்கத்தான் துணிச்சல் வரவில்லை. கேப்டனிடம் கேட்கும்போதே நான் குதிரை போக வேண்டிய அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.