ஸ்பீக்கரில் ஒன்பதாம் வகுப்பு

திருத்தணி
25.6.2007

அன்புள்ள காமு,

நலம். நீயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானம் டீச்சர் சம்மதித்துவிட்டார். இங்கே என் ஒன்பதாம் வகுப்பும் பொதட்டூர்பேட்டையில் உன் ஒன்பதாம் வகுப்பும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் விவாதிக்கலாம். ஜூலையில் மூன்று வாரம் பார்ப்பாராம். பிடித்தால் வருடம் முழுவதும்.

எதில் பேசுவது? பிரவுசிங் சென்டரில் சாட் செய்து பார்த்தேன். பிள்ளைகளுக்கு 'வணக்கம்' அடிக்க நாலு நிமிடம். மின்னஞ்சல் குழு தொடங்கலாம். பதில் வர மறுநாள் ஆகும். அதற்குள் கோபம் ஆறிவிடும். கோபம் இல்லாமல் என்ன விவாதம்? என் தம்பி அமானின் செல்போனில் ஸ்பீக்கர் இருக்கிறது. அதுவே போதும்.

தலைப்பு: எங்கள் மலைக்கோயிலுக்கு ரோப் கார் வேண்டுமா?

உன்
சுஹானா

பொதட்டூர்பேட்டை
9.7.2007

சுஹானா,

வயசானவங்க படி ஏற முடியாது. சனிக்கிழமை போனில் என் மாணவன் தேசப்பன் சொன்னது அவ்வளவுதான். அதற்கு உன் வகுப்பு சாய்லக்ஷ்மி, "இன்னா, அங்க சண்டை நடந்துகினு இருக்குதா?" என்றாள். உன் வகுப்பே சிரித்தது. அதில் உன் சிரிப்பும் இருந்தது. எனக்குத் தெரியும்.

இங்கே வீட்டுக்கு வீடு பவர்லூம். உரக்கப் பேசாவிட்டால் பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கே கேட்காது. நானும் அப்படி வளர்ந்தவள். பி.எட். ஹாஸ்டலில் முதல் நாளே "ஏண்டி கத்தறே?" என்றாய். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

இனி சனிக்கிழமை பேச மாட்டார்களாம். நானும் போனை எடுக்கப்போவதில்லை.

காமேஸ்வரி

திருத்தணி
13.7.2007

அன்புள்ள காமு,

ஏழு முறை அழைத்தேன்.

சிரித்தேன்தான். மன்னித்துக்கொள்.

தப்பான கருவியைத் தேர்ந்துவிட்டேன். மின்னஞ்சலே நல்லது. உன் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். நானே பஸ் ஏறி வந்து வாங்கி டைப் அடிக்கிறேன். எழுத்தில் எல்லோருக்கும் ஒரே சத்தம்.

"என்னம்மா, ஒரே வாரத்துல நின்னுபோச்சா?" என்கிறார் ஞானம் டீச்சர். 21ஆம் தேதி கடைசி வாய்ப்பு.

சுஹானா

பொதட்டூர்பேட்டை
17.7.2007

சுஹானா,

மின்னஞ்சல் யோசனையை வகுப்பில் சொன்னேன். தேசப்பன் எழுந்தான்.

"நாங்க ஏன் டீச்சர் வாயை மூடிகினு எழுதணும்? அவங்க நம்ம தறி வூட்டுக்கு போன் போடட்டும். பேசிக் காட்டட்டும்!"

பெஞ்சுகள் அதிர்ந்தன.

ஆகவே சனிக்கிழமை காலை பத்து மணி. என் மாணவி தாயம்மாளின் வீடு. நாலு தறி. நாலும் ஓடும்.

காமேஸ்வரி

பி.கு.: மின்னஞ்சலும் இருக்கட்டும். பேசி முடித்த பிறகு யோசனை வருகிறவர்களுக்கு.

திருத்தணி
23.7.2007

அன்புள்ள காமு,

சாய்லக்ஷ்மி ஆரம்பித்தாள். "ஆங்? இன்னா?" என்றான் தேசப்பன். மறுபடி சொன்னாள். "ஆங்?" ஐந்தாவது தடவை பெஞ்சின் மேல் ஏறி நின்று, "ரோப் கார் வந்தா படிக்கட்டுல பூ விக்கிறவங்க எங்க போவாங்க!" என்று அலறினாள். ஞானம் டீச்சர் ஓடி வந்தார். "யாரைப் போட்டு அடிக்கிறீங்க?"

அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். "இப்ப நல்லா கேக்குதும்மா!"

ஒன்றைக் கவனித்தேன். உன் பிள்ளைகளில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி. தறிகளுக்கு நடுவிலும் புரிந்தது. என் பிள்ளைகள் முப்பது பேரும் ஒரே நேரத்தில். பாதி விவாதத்தில்தான் அவர்களுக்கும் அது பிடிபட்டது. சாய்லக்ஷ்மி மன்னிப்புக் கேட்டாள், அதையும் கத்தித்தான்.

வருடம் முழுவதும் அனுமதி. ஒரே நிபந்தனை: ஹெட்மிஸ்ட்ரஸ் அறையிலிருந்து தள்ளி, மைதானத்தில்.

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. குரல் வந்ததும் கூப்பிடட்டுமா?

சுஹானா

பொதட்டூர்பேட்டை
26.7.2007

அன்புள்ள சுஹா,

ஞாயிறு காலை கூப்பிடு. அம்மாவும் உன்னிடம் பேச வேண்டுமாம். தறியை நிறுத்த மாட்டாளாம்.

காமு