தாமதமாகக் கிளம்பினால் போய்ச் சேருமா, அக்கா?

என் மாரி அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். எழுதியதை அடித்தால் உனக்குப் பிடிக்காது. "கெடக்கட்டும்ட்டி, அதுவும் நீ எழுதினதுதானே" என்பாய். அதனால் அந்தத் தாளிலேயே தொடர்கிறேன்.

தாராவியில் மழை விட்டுவிட்டது. நம் வீட்டு மேல்தட்டு அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் துரு கூடியிருக்கிறது. உன் பையையும் மூக்குக்கண்ணாடியையும் அம்மா மேலே வைத்திருக்கிறாள். நீ தவளை ஆராய்ச்சி லேபிலிருந்து வருகிற நேரமானால் அப்பா இன்னும் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போகிறார். போய் என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை.

நான் வழக்கம்போல ஜீன்ஸுக்குப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருக்கிறேன். குவியலுக்கு நடுவில் உட்கார்ந்தால் கண் தானாக ஏணிக்குப் போய்விடுகிறது. அங்கே நின்றுதானே நீ பேசிப் பழகுவாய்? நாம் ரெண்டு பேரும் எட்டாவது வரை படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் தவளை முட்டையைக் கொண்டுபோய்க் காட்டுவாயே, அதற்கான ஒத்திகை. "நீதான் வாயத் தெறக்க மாட்டியே, ஒன்ன மாதிரி ஆடியன்ஸ் எவளுக்குட்டி கிடைக்கும்" என்று ஆரம்பிப்பாய். எனக்கு அது எல்லாமே மனப்பாடம்.

முட்டையின் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளுப்பு. விந்து சேர்ந்ததும் முட்டைகள் தானாகப் புரண்டு கறுப்புப் பக்கத்தை மேலே காட்டும். பிறகு ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். அடியில் இருக்கிற பெரிய வெளுத்த செல்கள்தான் எண்டோடெர்ம். அதாவது பின்னால் குடலாகவும் ஈரலாகவும் ஆகப்போகிறவை. தாய்த் தவளை முட்டையின் அடியில் முன்கூட்டியே போட்டு வைத்த சரக்கு ஒன்று அங்கே இருக்கிற செல்களை எல்லாம் "குடலாகு, குடலாகு" என்று விரட்டும்.

இந்த இடத்தில் நீ குரலைத் தாழ்த்துவாய். அதே அடியில் இன்னொரு துளி சரக்கும் இருக்கிறது. அது எந்தச் சில செல்களுக்குள் போய்ச் சேர்கிறதோ, அவை மட்டும் குடலாவதில்லை. சுற்றி இத்தனை விரட்டல் நடந்தாலும் அவற்றுக்குள் ஒன்றும் அசையாது. குடலுக்கு நடுவிலேயே கம்மென்று கிடக்கும். தலைப்பிரட்டை உருவான பிறகு மெல்லக் கிளம்பி, குடலை விட்டு வெளியேறி, முதுகுப் பக்கமாக ஏறிப் போகும். போய்ச் சேர்கிற இடத்தில் முட்டையாகவோ விந்தாகவோ மாறும். அவைதான் இனச்செல்கள். அடுத்த தலைமுறைத் தவளைகள் எல்லாம் அவற்றிலிருந்துதான். "எல்லாரும் கத்துற எடத்துல வாயே தெறக்காம கெடக்கும், ஒன்ன மாதிரி" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

அந்தக் கடைசிக் காலையில் நீ ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாய். எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "லேட்டா கெளம்புனா அது போய்ச் சேருமாக்கா?" என்று கேட்டேன். நீ அடுத்த செருப்பை மாட்டாமல் என்னையே பார்த்தாய். "வந்து சொல்லுதேன்" என்றாய்.

சாயங்காலம் காய்ச்சலோடு வந்து படுத்தாய். அதன் பிறகு ஆஸ்பத்திரி, அங்கிருந்து நீ திரும்பவே இல்லை. பதிலை நான் கேட்கவில்லை, உன்னால் பேசவும் முடியவில்லை.

நான் கேட்டது செல்லைப் பற்றித்தானா? உனக்குப் புரிந்திருக்கும். எட்டாவது முடிந்து இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்த்தபோது நீ சமாளித்தாய். என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார்கள், வகுப்பே சிரித்தது, அதோடு நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது எனக்குப் பதினேழு. வேறு எதைப் பற்றிக் கேட்டிருப்பேன்?

போன வாரம் உன் லேப் தோழி பல்லவி வந்தாள். இந்த வருஷமும் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்களாம். "மேரா தமிழ் தோ சாப்ட்டாச்சா தக் ஹீ ஹை", தன் தமிழ் 'சாப்ட்டாச்சா'வோடு சரி என்று கையை விரித்தாள். இசக்கி, நீ பேசு என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். நம் வீட்டு ஆட்டல் உனக்குத் தெரியும், அதில் ஆமா எது, இல்லை எது என்று அம்மாவுக்கே குழப்பம் வரும். மராட்டிக்காரிக்கு என்ன தெரியும்? "ஹோ கயா!", முடிவாகிவிட்டது என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நேற்றுக் காலை ஐஸ் பெட்டியோடு வந்தாள். இரண்டு கண்ணாடித் தட்டு முட்டையை எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அம்மா அவளுக்காக ரோஸ் மில்க் கலந்துகொண்டிருந்தாள்.

"வெறுங்கையோட வரக் கூடாதுன்னு சப்ஜா ஊறவச்சுக் கொண்டாந்திருக்கா பாரு, கருத்துள்ள புள்ள" என்று ஒரு தட்டை அப்படியே தம்ளரில் கவிழ்த்துவிட்டாள்.

"அம்மா! அது முட்டை! தவள முட்டை!"

நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பல்லவி வந்து தம்ளருக்குள் பார்த்தாள். கறுப்புப் பொட்டு வைத்த வழவழப்பான மணிகள் ரோஸ் பாலில் மிதந்தன. "ஆன்ட்டி, முஜே நஹீ பீனா" என்றாள், குடிக்கமாட்டேன் என்று பயந்தவள் மாதிரி.

அம்மா தம்ளரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். நீ போன பிறகு முதல் சிரிப்பு, அக்கா. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். "அவ இருந்தா என்னைய என்ன பேச்சுப் பேசியிருப்பா" என்றாள். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

மிச்சமிருந்த ஒரு தட்டோடு போனோம். நாம் உட்கார்ந்த அதே வகுப்பு. தட்டை மேசையில் வைத்தேன். கண்ணை மூடி ஏணியை நினைத்தேன். நீ நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன், தாழ்த்தும் இடத்தில் தாழ்த்தினேன். சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

முன் வரிசையில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி எழுந்தாள். "வழி தெரியாமப் போயிட்டா என்னக்கா ஆகும்?"

உன் ஒத்திகையில் அது இல்லை. பல்லவியிடம் இந்தியில் கேட்டேன். வழி தவறியவை பெரும்பாலும் செத்துவிடும் என்றாள். கம்மென்று கிடப்பதை விட்டுவிட்டு "குடலாகு" என்ற விரட்டலுக்கு இணங்கினாலும் அவற்றால் குடலாக முடியாது, அப்போதும் செத்துவிடும் என்றாள். அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

பிள்ளைகள் தட்டைச் சுற்றி மொய்த்தபோது பல்லவியிடம் மெதுவாகக் கேட்டேன். வழி தவறாமல், தாமதமாக மட்டும் கிளம்பினால்?

அவள் என்னைப் பார்த்த விதம், நீ ஒற்றைச் செருப்போடு பார்த்ததுபோல இருந்தது. அந்தக் கடைசி நாளில் லேபுக்குப் போனதும் எல்லாருக்கும் வடா பாவ் வாங்கிக் கொடுத்தாயாமே? என்ன விசேஷம் என்று கேட்டால், என் தங்கச்சி கேள்வி கேட்டுவிட்டாள் என்றாயாம். என்ன கேள்வி என்று சொல்லக்கூட இல்லையாம், அத்தனை குஷியாம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னாயாம். பதில் உனக்கே தெரியாதாம். இனச்செல்கள் மின்னும்படி அடையாளம் வைத்த தலைப்பிரட்டைகளில் சிலவற்றைத் தனியாக எடுத்து வைத்தாயாம், பார்த்துச் சொல்ல. அப்புறம் பார்க்க நீ வரவில்லை.

வடா பாவ் வாங்கினதை ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? காய்ச்சலிலேயே அதை மட்டுமாவது சொல்லியிருக்கலாமே?

பல்லவி மறுபடி ஒரு தொகுதி வளர்க்கிறாள். அவை கிளம்பும் நேரத்துக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நீயே பார் என்கிறாள். பள்ளிக்கூடத்து டீச்சரும், பத்தாவது பரீட்சையைத் தனியாக எழுதேன் என்றார். அதற்குத் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறேன். எந்த ஆட்டல் என்று நாளைக்குப் போய் வாயால் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை லேபுக்குப் போகிறேன். உன் பையைத்தான் எடுத்துக்கொள்ளப்போகிறேன், அம்மா துடைத்து வைத்துவிட்டாள். பின்னால் தங்கிவிட்ட ஒரு செல் எங்கே போகிறது என்று கடைசிவரை கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி, ஏணிக்குக் கீழே நின்று உனக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வேன்.

இந்தத் தடவை நான் வந்து சொல்லுதேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி இசக்கி