கொல்லைக் கடல் வற்றிய வரலாறு

புரோத்ராபூர், 9 ஜூலை 1966

சகலருக்கும் அறிவிப்பது: எங்கள் கொல்லைக் கடல் இன்று மாலை வற்றியது. வற்ற வைத்தவன் நான்.

ரோட்டுத் தண்ணீர் வரக்கூடாதென்று அப்பா தஞ்சாவூர் வயல் மாதிரி கொல்லையைச் சுற்றி வரப்புக் கட்டியிருந்தார். பெய்த மழையைக் களிமண் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. இன்னொரு மழை பெய்தால் அடுப்பங்கரை முழுகிவிடும். "நாத்து நடுங்க, அதுதான் பாக்கி" என்றாள் அம்மா.

பள்ளமான மூலையில் நான் வரப்பை வெட்டினேன். தண்ணீரெல்லாம் ஓடைக்கு ஓடியது. நாங்கள் தாதா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி, "ஷாபாஷ் பேட்டா" என்று முதுகில் தட்டினார்.

"அந்த மூலைதான்னு எப்படிடா கண்டுபிடிச்ச?" என்று அப்பாவே கேட்டார்.

"தண்ணி வாட்டம் பாத்தேன்ப்பா."

இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். தூண்டிலுக்கு மண்புழுதான் தோண்டினேன். வரப்பு உடைந்ததும் அப்பாவுக்குப் பயந்து காலை வைத்து அடைக்கப் பார்த்தேன். தண்ணீர் கேட்கவில்லை.