மெழுகில் வைத்த துண்டு

மருமகளே,

கல்லறைத் திருநாளுக்கு உன் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு இப்போதுதான் வீடு வந்தேன். சோப்பு போட்டும் விரலில் மெழுகு வாடை போகவில்லை. மற்றவர்களுக்கு இந்த வாடையில் செபம் நினைவுக்கு வரும். எனக்கு ஆஸ்பத்திரிதான். உன் கழுத்திலிருந்து எடுத்த துண்டை மெழுகில் பதித்து அங்கே வைத்திருந்தார்கள். உன்னை முழுசாக நான் புதைக்கவில்லை.

குரும்பகரத்தில் உன் அம்மா வீட்டு நடவுக்குப் போய்வந்த வாரம் நீதான் அந்தக் கட்டியைத் தொட்டுக் காட்டினாய். "தாலிச் சங்கிலிக்குத் துணையா ஒரு மணி முளைச்சிருக்கு அத்தை" என்று சிரித்தாய். வலியில்லை என்றாய். வலித்திருந்தாலாவது யாராவது பதறியிருப்பார்கள். சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் தலையணை நனைந்த வேர்வை. நெறி கட்டியிருக்கிறது, டி.பி.தான் என்று உள்ளூரில் மாத்திரை கொடுத்தார்கள்.

அந்தச் சொல் காதில் விழுந்த அன்றே என் நாத்தனார் உனக்கென்று ஒரு அலுமினியத் தட்டைப் பிரித்துக் கொல்லைப்பக்கம் வைத்தாள். புருஷன் போனபின் நம் வீட்டோடு இருந்தவள். வீட்டு ஆம்பிளைகள் அவள் பேச்சைத் தட்டமாட்டார்கள். உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று நான் நின்றபோது, "மாத்திரைக் கெடு முடியட்டும் அண்ணி, இவளை பஸ்ஸுல ஏத்துனா ஊரு சிரிக்கும்" என்று மறித்தவளும் அவள்தான். கெடு முடிவதற்குள் கட்டி உன் கழுத்தைச் சுற்றி மாலை கட்டிவிட்டது.

அந்தத் தட்டை வீசியெறியப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய். "விடுங்க அத்தை. ஒரே பானைச் சோறுதானே." சொல்லும்போது உன் கண் தட்டைப் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியை வெட்டிப் பார்த்துவிட்டு டி.பி.யே இல்லை என்றார்கள். ஹாட்கின் என்று நெறியில் வரும் ஒரு புற்றாம். அதிலும் பல வகையாம். உன்னுடையது மெதுவாக நகரும் வகையா, ஆளை அடிக்கும் வகையா என்று கேட்டால் ஒரு டாக்டர் ஒன்று சொன்னார், அடுத்தவர் வேறு சொன்னார். கட்டியைக் கருக்கக் கதிர்க் கரண்டு வைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தை நீ பார்க்கவில்லை.

மெது வகை என்றால், வீணாய்ப் போன அந்த மாதங்கள்தான் உன்னைக் கொன்றன. அப்படியானால் கொன்றது அவள். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எப்படிக் கண்ணை மூடுவது? வருஷா வருஷம் பஸ் ஏறிப்போய்க் கேட்டேன்.

போன மாதம் ஒரு டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். இப்போது புதுச் சாயங்கள் வந்திருக்கின்றனவாம். எல்லாவற்றிலும் ஒட்டாதாம். ஒவ்வொன்றும் தனக்குரிய உயிரணுவைத் தேடிப் பிடிக்குமாம், பிடித்த இடம் பழுப்பாகுமாம். உன் துண்டை மெழுகோடு வெங்காயத் தோல்போலச் சீவி அந்தச் சாயங்களைப் போட்டிருந்தார். பெரிசாக்கிக் காட்டும் கண்ணாடிக் கருவியில் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். மருதாணி பிடித்த நகம்போலப் பெரிய பெரிய அணுக்கள். இத்தனை வருஷம் கழித்து உன்னைப் பார்த்தேன், அதுவும் இப்படி.

"மெது வகைன்னா இந்தச் சாயம் ஒட்டாதும்மா, இன்னொண்ணுதான் ஒட்டும். இதுல தலைகீழா இருக்கு. சுத்தி இருக்கவேண்டிய சின்ன அணுவும் அழிஞ்சுபோச்சு. மோசமான வகை. முதல் நாளே வந்திருந்தாலும் கஷ்டந்தான்."

நாத்தனார் ஒவ்வொரு வருஷமும் கல்லறைக்கு வந்து தள்ளி நிற்பாள். உன்னைப் புதைத்த நாளிலிருந்து அவளிடம் நான் பேசியதில்லை. இன்று நானே கிட்டப் போனேன். நாள் கடந்ததால் நீ சாகவில்லையாம் என்று சொன்னேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் கொல்லலீங்களா அண்ணி?"

"கொல்லல" என்றேன். "தட்டு?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

சாவுக்கு அவளை விட்டுவிட்டேன், மருமகளே. தட்டுக்கு விடவில்லை. நீ கொல்லையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைக் காட்ட எந்தச் சாயமும் வேண்டாம். நான் பார்த்தேன்.

நீ போனதிலிருந்து அந்தத் தட்டில்தான் சாப்பிடுகிறேன். விளிம்பு நசுங்கிய இடத்தில் நீ கட்டைவிரல் வைத்துப் பிடிப்பாய். அங்கேதான் என் விரலும் போகிறது. இப்போதும் சோறு போட்டு வைத்திருக்கிறேன், ஒரே பானைச் சோறு.