பாக்கு வைக்காத வீட்டுக்கு இறங்கிய வழி

தை மூன்றாம் தேதி. காலை ஆறே முக்கால். ஆள் ஆறு.

மதினி, முதல் தடவை இந்த மலையடியில் நின்றபோதும் ஆறு பேர்தான். அண்ணன், நீங்கள், உங்கள் மூன்று பிள்ளைகள், நான். இன்று உங்கள் இடத்தில் என் மனைவி நிற்கிறாள். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஓடையில் முகம் கழுவப் போன அண்ணன் இன்னும் வரவில்லை. உங்கள் சின்னவன் சுக்குநாறிப் புல்லைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினான். அந்த வாசனையோடு நீங்கள் வந்துவிட்டீர்கள். அண்ணன் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்போதுதான் நான் ஓவர்சியர் பரீட்சை தேறி, பழங்காநத்தத்தில் அறை எடுத்திருந்தேன். பொங்கலுக்கு எழுமலையில் உங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில், வாசலில் நின்றால் தெரிகிற மலையைப் பிள்ளைகள் ஏறிப் பார்த்ததே இல்லை என்றீர்கள். புளி பொறுக்குகிறவர்கள் நடந்த ஒற்றையடிப் பாதை. வெளியாட்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அண்ணன் உடனே சரி என்றார். மலைக்கு அந்தப் பக்கம் உங்கள் பிறந்த வீடு என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சின்னவன் காதுகுத்துக்கு அண்ணன் நேரில் போய்ப் பாக்கு வைத்து அழைக்காமல் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். தாய்மாமனான உங்கள் தம்பி வரவில்லை. பிறகு அவர் கல்யாணத்துக்கு நமக்குப் பாக்கு வரவில்லை. அதோடு போக்குவரத்து நின்றது. இடையில் சந்தைக்கு வந்த புளிக்காரர், உங்கள் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது என்றார். முழுக்க இருட்டுவதற்குள் அம்மா உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். அண்ணனிடம் ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். "பாக்கு வைக்காத வீட்டுக்கு நானும் வரமாட்டேன், நீயும் போகப்படாது" என்றார். நீங்கள் மறுபடி கேட்கவே இல்லை.

ஏறும்போது எனக்கும் உங்களுக்கும்தான் தகராறு. இந்த ஓடையை விட்டால் வழியில் தண்ணீர் கிடையாது. தோண்டியில் இருந்ததை நீங்கள் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் ஊற்றினீர்கள். இப்படிக் கொடுத்தால் பாதிவழிதான் தாங்கும் என்று கத்தினேன்.

"பச்சப்புள்ளைக, கொழுந்தனாரே. ஒங்க சிமிட்டிக்கா தண்ணி விடுறோம், அளந்து ஊத்த?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். கடுக்காய் மரங்களுக்குள் புகுந்து, பாறைச் சரிவைக் கடந்து உச்சிக்கு வந்தபோது யாருக்கும் பேச மூச்சில்லை. கிழக்கே கரிசல் காடும், தகரத் துண்டுகள் போல மினுங்கும் கண்மாய்களும், தொலைவில் படுத்துக் கிடந்த நாகமலையும். நான் நாள் முழுக்க அளக்கிற நிலம் அது, அன்றுதான் பார்த்தேன். நீங்கள் மட்டும் மேற்கே பார்த்து நின்றீர்கள்.

பிள்ளைகள் தண்ணீர் கேட்டார்கள். தோண்டி காலி. "எறங்குனா எங்கூரு கெணறு இருக்கு" என்றீர்கள். விருந்துக்கு யார் கூப்பிட்டார்கள் என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விருந்துக்கு யாரு போறா? தவிச்சு வந்திருக்கோம்னு போயி நில்லுங்க. தண்ணி குடிக்க வாரவுகளுக்கு எவனும் பாக்கு வைக்கிறதில்ல."

சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் தோண்டியை எடுக்கப் பாறைக்குப் பின்னால் போனேன். அங்கே மண் நனைந்திருந்தது. கடைசித் தண்ணீரைக் கொட்டியது நீங்கள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றுவரை அண்ணனிடம் சொல்லவில்லை.

அண்ணனும் பின்னாலேயே இறங்கிவந்து, உங்கள் பிறந்த வீட்டு வேலிக்கு வெளியே நின்று, யாரையும் பார்க்காமல் தண்ணீர் வேண்டும் என்றார். உங்கள் தம்பி மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே போட்டுவிட்டுச் செம்போடு வந்தார். ஆனால் கொடுக்கவில்லை.

"உள்ள வாங்க மச்சான். நின்னுக்கிட்டே குடிச்சாப் பொரையேறும்."

அண்ணன் குனிந்து உள்ளே போனார். உங்கள் அம்மா உங்களை வெளிச்சத்துக்கு இழுத்து, மூக்கோடு மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்தார். "எளச்சுப் போயிட்டியேடி" என்றார். பார்த்துவிட்டார், மதினி. அது போதும்.

இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் தோற்ற எண்ணம் வராமல் ஒரு காரியத்தை முடிப்பது எப்படி என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வேலையிடத்தில் மேஸ்திரியோடு முட்டிக்கொள்ளும்போது, அவன் கௌரவம் கெடாமல் இறங்கிவர வழி இருக்கிறதா என்று இப்போது பார்க்கிறேன். பாதி நாள் பொறுமை இல்லாமல் கத்திவிடுகிறேன். ஆனாலும் பார்க்கிறேன்.

போன ஆடியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு அண்ணன் அந்தப் பக்கம் போகவே இல்லை. "அவளே இல்ல, அங்க போயி என்னத்தப் பேச" என்கிறார். உங்கள் அம்மாவுக்கு இப்போது கண் சுத்தமாகத் தெரியவில்லை. நினைவும் தப்புகிறது. வளையல் சத்தம் கேட்டால் எம்மக வந்துட்டாளா என்கிறாராம்.

அண்ணன் வருகிறார். இனி செய்யப்போவது:

1. உச்சியில் அவர் தயங்கினால் நான் நிற்கமாட்டேன். பிள்ளைகளோடு இறங்கிவிடுவேன். பின்னால் வருவார்.

2. உங்கள் மூத்தவள் கையை உங்கள் அம்மா கையில் பிடித்துக் கொடுப்பேன்.

3. எம்மக வந்துட்டாளா என்று கேட்டால் பொய் சொல்லமாட்டேன். "ஒங்க மக பெத்தது வந்திருக்கு அத்தை, மொகத்தத் தொட்டுப் பாருங்க" என்பேன்.